அம்மாவை வேலையிலிருந்து நிறுத்தியவள்

ஒடீலியாவுக்குக் கழுத்துக்கு மேலேதான் உடம்பு. கீழே இருப்பது வெறும் கனம். இருபது வயதில், ஒரு ஜூன் மாத மழையில், தோழி ஓட்டிய கார் பாலத்துத் தடுப்பில் போய் மோதியது. தோழி காலில் கட்டோடு மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனாள். ஒடீலியாவைக் கொண்டுபோய் ஃபால் ரிவர் ஊரின் ஓரத்தில் இருந்த முதியோர் இல்லத்தில் போட்டார்கள். இருபது வயதுக்காரிக்கு வேறு இடம் யாருக்கும் தோன்றவில்லை.

அங்கே பதினான்கு மாதம். பக்கத்துக் கட்டிலில் எண்பத்தெட்டு வயது. விடியற்காலை ஐந்து மணிக்குக் குளியல், மாலை ஏழு மணிக்கு விளக்கணைப்பு. அவளுக்கு எப்போது பசிக்க வேண்டும், எப்போது தூக்கம் வர வேண்டும் என்பதைச் சுவரில் ஒட்டியிருந்த தாள் முடிவு செய்தது. அம்மா எர்மீனியா திரைச்சீலை ஆலையில் வேலை முடித்து, இரண்டு பேருந்து மாறி வருவதற்குள் விளக்கை அணைத்திருப்பார்கள். இருட்டில் மகளின் நெற்றியைத் தடவிவிட்டுத் திரும்பிப் போவாள். அப்பா அதற்கு முன்பே தாங்கள் புறப்பட்டு வந்த போர்த்துகீசியத் தீவான சாவ் மிகெலுக்கே திரும்பிப் போய், அங்கே வேறு குடும்பம் அமைத்துக்கொண்டார்.

ஒருநாள், தானும் சக்கர நாற்காலியில் இருந்த ஓர் ஆள் அவளைப் பார்க்க வந்தான்.

"வீட்டுக்குப் போகணுமா உனக்கு? உன்னப் பாத்துக்கற ஆளுக்கு அரசாங்கம் சம்பளம் குடுக்கும். ஆள நீயே பிடிக்கணும். என்ன செய்யணும், எப்படிச் செய்யணும்னு நீயே சொல்லிக் குடுக்கணும். சரிப்பட்டு வரலேன்னா நீயே அனுப்பிடலாம். நீதான் முதலாளி."

"கையே அசையாத முதலாளியா?"

"வாய் இருக்கில்ல?"

அப்படித்தான் அவள் வீட்டுக்கு வந்தாள். பதினெட்டு வயது தாண்டிய பிள்ளைக்கு அம்மாவே உதவியாளாக இருக்கலாம் என்றார்கள். எர்மீனியா பதினேழு வருஷத்து ஆலை வேலையை விட்டுவிட்டு மகளிடம் வேலைக்குச் சேர்ந்தாள். "அங்க மேஸ்திரி திட்டுவான், இங்க என் மக திட்டறா. வேற வித்தியாசமில்ல" என்று பேக்கரியில் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். உண்மையில் திட்டவும் செய்தாள் ஒடீலியா. தலையணையை இரண்டு விரல் நகர்த்தாவிட்டால், சட்டை முதுகில் மடிந்திருந்தால், விடமாட்டாள். "மறுபடியும் செய்மா" என்பாள். அம்மா முணுமுணுத்துக்கொண்டே மறுபடியும் செய்வாள். அந்த உடம்பில் இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு படுக்கைப் புண் வந்ததில்லை. ஒடீலியா தலையில் மாட்டிய ஒலிவாங்கியோடு வீட்டிலிருந்தே மருத்துவமனைகளுக்கு மொழிபெயர்ப்பாளராகவும் இருந்தாள். இந்தப் பக்கம் டாக்டர் ஆங்கிலத்தில் சொல்வதை அந்தப் பக்கம் நோயாளிக்குப் போர்த்துகீசில் சொல்ல வேண்டும். மோசமான செய்திகளை எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியும்.

அம்மாவுக்கு எழுபத்தொரு வயதானபோது சூப்பில் உப்பு இரண்டு தரம் விழுந்தது. அப்புறம் உப்பே விழவில்லை. இதெல்லாம் யாருக்கும் நடப்பதுதான் என்று ஒடீலியா நினைத்துக்கொண்டாள். பிறகு ஒருநாள், மகளின் குழாயிலிருந்து சிறுநீர் நிறைந்த பையைக் கழற்றி எடுத்துக்கொண்டு அம்மா கழிவறைப் பக்கம் போகாமல் சமையலறைக்குப் போனாள். கீரை சூப் கொதித்துக்கொண்டிருந்த பானையின் மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"அம்மா! என்ன பண்ற அங்க?"

சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து எர்மீனியா வாசலில் வந்து நின்றாள். கையில் பை அப்படியே நிறைந்திருந்தது. முகம் வெளுத்திருந்தது.

"நான் எங்கடி போயிட்டிருந்தேன்?"

"கழிவறைக்கு."

"ஆமா. அங்கதான்."

அன்றைக்கு இரண்டு பேரும் சூப்பைத் தொடவில்லை.

அடுத்த நாளிலிருந்து ஒடீலியா வாய் ஓயாமல் பேச ஆரம்பித்தாள். கண் விழித்த நொடியிலிருந்து சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். "இப்ப கம்பளிய எடு. இப்ப இடது கால். சாக்ஸ், அந்தச் சாக்ஸ் இல்ல, கையில இருக்கே அது. அடுப்ப அணைச்சியா? போய்ப் பாரு. பாத்துட்டு வந்து சொல்லு." அம்மா மாத்திரையை இரண்டாம் முறை கொண்டுவந்தால் உதட்டை இறுக்கி மூடிக்கொள்வாள். அம்மா கோபித்துக்கொண்டு, "சின்ன வயசுலயும் இதே பிடிவாதம்தான்" என்பாள். மகளின் புத்தியும் அம்மாவின் கையும் சேர்ந்து ஓர் ஆளாக அந்த வீட்டை ஓட்டின. வெளியே ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் அம்மாவை வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள். அம்மாவை எடுத்தால் ஆள் கிடையாது. ஆள் கிடைக்காவிட்டால் எங்கே கொண்டுபோய்ப் போடுவார்கள் என்பது ஒடீலியாவுக்குத் தெரியும்.

வருஷத்துக்கு ஒருமுறை பாலெட் டெத்ரோ என்ற அரசாங்கத் திட்டத்து நர்ஸ் வந்து, எத்தனை மணி நேர உதவி தேவை என்று எழுதிப் போவாள். அந்த முறை பாலெட் வருவதற்கு ஒரு வாரம் முன்பே ஒடீலியா அம்மாவைத் தயார்செய்தாள்.

"என்ன மாசம்?"

"அக்டோபர்."

"கேள்வி கேட்டா என்ன பண்ணணும்?"

"சிரிக்கணும். காபி குடிக்கறீங்களான்னு கேக்கணும்."

பாலெட் வந்தாள். எழுதிக்கொண்டே, "நீங்க எப்படியிருக்கீங்க எர்மீனியா? வயசாகுதே, தூக்க முடியுதா?" என்று கேட்டாள். எர்மீனியா இடுப்பில் கை வைத்து, "வேணும்னா உங்களையும் தூக்கிக் காட்டறேன்" என்றாள். பாலெட் விழுந்து விழுந்து சிரித்தாள். இனிப்பு ரொட்டி சாப்பிட்டு, காபி குடித்து, எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள். கதவு சாத்தியதும் ஒடீலியாவுக்குக் கண்ணில் நீர் வருமளவு சிரிப்பு. "அம்மா, கெட்டிக்காரிம்மா நீ!"

எர்மீனியாவும் கூடச் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "நல்ல பொம்பளையா இருக்கா. யாருடி அவ?" என்று கேட்டாள்.

பிப்ரவரியில், ஒரு வியாழக்கிழமை, அது நடந்தது.

கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற ஒரு தூக்கும் எந்திரம் உண்டு. உடம்புக்கடியில் தூளி மாதிரித் துணியைச் செருகி, நாலு மூலையையும் கொக்கியில் மாட்டி, பொத்தானை அழுத்தினால் மேலே தூக்கும். எர்மீனியா கண்ணை மூடிக்கொண்டு செய்யும் வேலை அது. அன்றைக்கும் ஒழுங்காகவே மாட்டினாள், தூக்கினாள். ஒடீலியா கட்டிலுக்கு மேலே, அந்தரத்தில் தொங்கினாள். அந்த நேரம் பார்த்துத் தெருவில் பனி அள்ளும் வண்டி ஊதியது.

எர்மீனியா திடுக்கிட்டு ஜன்னலைப் பார்த்தாள். "ஐயோ, சங்கு ஊதிட்டான்" என்றாள்.

"அம்மா, அது வண்டி. இங்க பாரு. என்னைப் பாரு."

"நேரமாயிடுச்சுடி. மேஸ்திரி கதவ அடைச்சிடுவான்."

"அம்மா! என்னைக் கீழ இறக்கிட்டுப் போ. அம்மா!"

வாசற்கதவு திறந்து மூடியது. கோட்டு ஆணியிலேயே தொங்கியது.

தொலைபேசி எப்போதும் தலையணை ஓரத்தில் இருக்கும், பெயரைச் சொன்னால் போதும், அதுவே அழைக்கும். அன்றைக்கு அது அங்கே இல்லை; அம்மா எங்கேயோ எடுத்து வைத்திருந்தாள். ஒடீலியா அதைக் கூப்பிட்டுப் பார்த்தாள். வீட்டில் எங்கிருந்தும் பதில் இல்லை. மாடியில் குடியிருந்த செராஃபிமுக்குக் காது மந்தம், காலையிலிருந்தே தொலைக்காட்சியில் பந்தாட்டம் அலறிக்கொண்டிருக்கும். இருந்தாலும் கத்தினாள். "செராஃபிம் மாமா! மாமா!" தொண்டை கிழியக் கத்தினாள். மேலே யாரோ கோல் போட்டார்கள்.

அம்மா வீட்டுச் செருப்போடு பனியில் போகிறாள். ஆலை மூடிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அவள் போகும் வழியில் ஆற்றங்கரை ரோடு. இதையெல்லாம் தொங்கிக்கொண்டே நினைத்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் தலை வலிக்க ஆரம்பித்தது. முதலில் பின்மண்டை, பிறகு கண்களுக்குப் பின்னால். முகமெல்லாம் வியர்த்தது. அவளுக்குக் காரணம் புரிந்தது. சிறுநீர்க் குழாய் எங்கோ தூளியில் மாட்டி மடங்கிவிட்டது. அவளைப் போன்றவர்களுக்கு மூத்திரம் அடைத்தால் இரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போகும், மூளையில் ரத்தக்குழாய் வெடிக்கும் என்று டாக்டர் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். கையெட்டும் தூரத்தில் ஒரு டியூப். நேராக்க இரண்டு விரல் போதும். அவளுக்குப் பத்து விரல் இருந்தது.

கத்துவதை நிறுத்தினாள். கத்தினால் அழுத்தம் ஏறும். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கட்டத்தில் அதன் முள் இரண்டாகத் தெரிந்தது. அம்மா செத்துப்போயிருப்பாள், நானும் இதோ போய்விடுவேன், ரெண்டு பேரையும் ஒரே நாளில் புதைத்துவிடுவார்கள் என்று தோன்றியபோது அவளுக்குப் பயமாக இல்லை. அப்பாடா என்றிருந்தது. அப்படித் தோன்றியதைப் பிற்பாடு அவளால் மறக்க முடியவில்லை.

ஒன்றரை மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது.

"ஒடீலியா! உங்கம்மா ஆலை வாசல்ல நின்னு கதவத் தட்டிட்டிருந்தாங்கடி, கோட்டுகூட இல்லாம..." பேக்கரிக்கார லூர்தெஸின் குரல். அறைக்குள் வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். "கடவுளே!"

"டியூப்" என்றாள் ஒடீலியா. நாக்கு புரளவில்லை. "காலுக்குக் கீழ. மடங்கியிருக்கு. நேராக்குங்க அக்கா. முதல்ல அது."

லூர்தெஸ் தூளிக்கடியில் குனிந்தாள். தேடி, இழுத்து, நேராக்கினாள். பையில் சிறுநீர் பீய்ச்சிக்கொண்டு இறங்கியது. "இப்ப அந்தக் கறுப்புப் பெட்டி. கீழ்ப் பொத்தான். மெதுவா." எந்திரம் முனகிக்கொண்டு அவளைக் கட்டிலில் இறக்கியது. எர்மீனியா வாசலில் லூர்தெஸின் கோட்டைப் போர்த்திக்கொண்டு நின்றாள். விரல் நுனிகள் சிவந்து வீங்கியிருந்தன.

"யாரு இந்தப் பொண்ணு? உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள்.

லூர்தெஸ் தொலைபேசியை எடுத்தாள். "ஆம்புலன்ஸக் கூப்பிடறேன்."

"வேணாம் அக்கா."

"பைத்தியமாடி உனக்கு? மூஞ்சியப் பாத்தியா? எத்தன நாளா நடக்குது இது?"

"ரெண்டு வருஷம்."

"ரெண்டு வருஷமா! தினம் ரொட்டி வாங்க வர்றாங்க, சிரிச்சுப் பேசறாங்க, எனக்கே தெரியலையே. ஏண்டி யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா என்னை எங்க அனுப்புவாங்க? அவங்கள எங்க அனுப்புவாங்க? நீங்க வந்து பாத்துப்பீங்களா?"

லூர்தெஸுக்குக் கடை இருந்தது, சர்க்கரை வியாதிக்காரப் புருஷன் இருந்தான். எர்மீனியாவின் கைகளைத் தன் கைக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றாள். போகும்போது சொன்னாள்: "திங்கக்கிழமை வரைக்கும் பாக்கறேன். நீ சொல்லலேன்னா நான் சொல்லுவேன். என்மேல கோவிச்சுக்கோ, பரவால்ல."

திங்கட்கிழமை காலை ஒடீலியா பாலெட்டை அழைத்தாள். வேலையில் அடுத்தவர்களுக்கு மோசமான செய்தி சொல்லும் அதே நிதானக் குரலில் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அக்டோபர்ல நான் வந்தப்பவும் இப்படித்தானா?"

"ஆமா."

"என்னை ஏமாத்தினீங்க."

"ஆமா."

"நீங்க செத்திருந்தா நான் எப்படித் தூங்கறது ஒடீலியா?" பாலெட்டின் குரல் உடைந்தது. அப்புறம் வேலைக் குரலுக்குத் திரும்பினாள். அம்மா இனி ஒருநாள்கூட வேலை செய்யக் கூடாது. உதவி நேரம் குறையாது, ஆனால் ஆள் பிடிப்பது ஒடீலியாவின் பொறுப்பு. ஆள் நிற்கவில்லையென்றால் வீட்டில் இருப்பது பாதுகாப்பில்லை என்று எழுதுவதைத் தவிர தனக்கு வழியில்லை. எர்மீனியாவுக்கு ஓர் இல்லத்தில் இடம் பார்க்கலாம்.

"அதை மட்டும் சொல்லாதீங்க" என்றாள் ஒடீலியா.

வேலை நீக்கத் தாள் தபாலில் வந்தது. முதலாளி கையெழுத்துப் போட வேண்டும். ஒடீலியா பேனாவை வாயில் கவ்விக்கொண்டு போட்டாள். எர்மீனியா பக்கத்தில் நின்று தாளைப் பிடித்துக்கொண்டாள். அது நகராமல் இருக்க அவளே பிடித்தாள்.

"என்னடி தாள் இது?"

"உன்னை வேலைய விட்டு நிறுத்தறேன்மா."

எர்மீனியா தாளைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். அன்றைக்கு அவளுக்கு எல்லாம் தெளிவாக இருந்தது, அதுதான் கொடுமை. "நான் என்னடி தப்பு பண்ணேன்? ஒரு புண்ணு வர விட்டிருக்கேனா உன் உடம்புல?"

"இல்லம்மா."

"பின்ன?"

ஒடீலியாவால் பேச முடியவில்லை. எத்தனையோ பேருக்கு எத்தனையோ சொன்ன வாய். அம்மா இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை முகத்தில் பொத்திக்கொண்டு அழுதாள். மத்தியானத்துக்குள் மறந்துவிட்டாள். மறுநாள் காலை ஐந்தரைக்கு வெந்நீர்ப் பாத்திரத்தோடு வந்து நின்றாள். ஒடீலியா மறுபடியும் சொன்னாள். மறுபடியும் அதே அழுகை, அதே கேள்வி. மூன்றாம் நாளும் சொன்னாள். நாலாம் நாள் சொல்லவில்லை.

ஆட்கள் வந்தார்கள், போனார்கள். முதலில் வந்தவள் இரண்டு நாள் இருந்தாள். அடுத்தவளை எர்மீனியா கரண்டியால் அடித்துவிட்டாள். "என் மகளத் தொடறதுக்கு நீ யாருடி? வெளிய போ!" மூன்றாமவள் வருகிறேன் என்று சொல்லி வரவேயில்லை. அன்றைக்கு ஒடீலியா இருட்டும் வரை படுக்கையிலேயே கிடந்தாள். அம்மா கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்து, கம்பளியை எடுப்பதும் போர்த்துவதுமாக இருந்தாள். அம்மா தனியாகத் தூக்கிவிடாதபடி, தூக்கும் எந்திரத்தின் மின்கம்பியை ஒடீலியா முன்னமே பிடுங்கி வைக்கச் சொல்லியிருந்தாள். லூர்தெஸ் கடை அடைத்துவிட்டு வந்து இரண்டு பேருக்கும் ஊட்டினாள். வாலெலும்புக்கு மேலே தோல் சிவந்திருந்ததை அவள்தான் பார்த்தாள். பத்து நாளில் அது புண்ணானது, முதல் புண்.

பிறகு இவானில்டா வந்தாள். போர்த்துகீசு பேசும் கேப் வெர்டேத் தீவுக்காரி, முப்பது வயது, அதிகம் பேசாத பெண். எர்மீனியா அவளையும் கரண்டியோடுதான் எதிர்கொண்டாள். இவானில்டா கரண்டியை வாங்கி, சூப்பைக் கிண்டி, ருசி பார்த்து, "உப்பு பத்தல அம்மா. எவ்வளவு போடட்டும்?" என்றாள். எர்மீனியா யோசித்து, "கொஞ்சம்" என்றாள். அதோடு சண்டை முடியவில்லை என்றாலும் இவானில்டா போகவில்லை.

"அக்கா, முகம் மட்டும் அவங்க கழுவட்டுமே" என்றாள் இரண்டாம் வாரத்தில். "தண்ணி சூட்ட நான் பாத்துக்கறேன்."

அப்படியே ஆயிற்று. உடம்பு முழுக்க இவானில்டா, முகம் மட்டும் அம்மா. ஒடீலியாவுக்குத் தொடுகை தெரிகிற இடமும் அது ஒன்றுதான். சில நாள் எர்மீனியா கழுவும்போது மகளுடைய பெயரைச் சொல்வாள். சில நாள், "உங்களுக்கு அம்மா இருக்காங்களா?" என்று மரியாதையாகக் கேட்பாள். "இருக்காங்க" என்பாள் ஒடீலியா.

கோடைக்குள் பாலெட் அலைந்து திரிந்து எர்மீனியாவுக்கும் அதே திட்டத்தில் உதவி நேரம் வாங்கித் தந்தாள். எர்மீனியாவின் சார்பில் ஆளுக்கு வேலை சொல்லும் பொறுப்பு ஒடீலியாவுடையது. கேட்டது ஐம்பது மணி நேரம், கிடைத்தது வாரத்துக்குப் பதினெட்டு. தினமும் பிற்பகல் இரண்டிலிருந்து ஐந்து வரை ஆள் கிடையாது. இவானில்டாவுக்கு அந்த நேரத்தில் வேறொரு வீட்டில் வேலை.

அந்த மூன்று மணி நேரத்துக்கு அவர்கள் செய்துகொண்ட ஏற்பாடு இது: அடுப்பின் திருகுகளைக் கழற்றி எடுத்துவிடுவது, கத்திகளைப் பூட்டுவது, வாசற்கதவை வெளியிலிருந்து பூட்டுவது. சாவி ஒன்று செராஃபிமிடம், ஒன்று லூர்தெஸிடம். தீப்பிடித்தால் என்ன செய்வது என்று இவானில்டா ஒருமுறை கேட்டாள். பாலெட்டுக்கு இந்த ஏற்பாடு தெரியாது. இரண்டாம் முறையாக ஒடீலியா அவளிடம் மறைக்கிறாள்.

இவானில்டாவின் காலடி தெருவில் மறைந்ததும் எர்மீனியா எழுந்து கதவுக்குப் போவாள். கைப்பிடியைத் திருகுவாள், உலுக்குவாள். "யாரோ என்னை அடைச்சு வச்சுட்டாங்க. யாராச்சும் இருக்கீங்களா?" ஒடீலியா சக்கர நாற்காலியின் விசையைத் தாடையால் தள்ளி ஓட்டிக்கொண்டு பின்னாலேயே போவாள். பேச ஆரம்பிப்பாள். தீவைப் பற்றி, அங்கே அவர்கள் வளர்த்த வெள்ளைப் பசுவைப் பற்றி, ஆலையில் நூல் அறுந்த நாட்களைப் பற்றி, அம்மாவே என்றைக்கோ சொன்னதையெல்லாம் திருப்பிச் சொல்வாள். பேச்சு பிடித்துக்கொண்டால் எர்மீனியா கைப்பிடியை விட்டுவிட்டு வந்து உட்காருவாள். பேச்சு நின்றால் எழுந்துவிடுவாள். அதனால் ஒடீலியா நிறுத்துவதில்லை. தண்ணீர் குடிக்க முடியாது, கொடுக்க ஆள் இல்லை. நாலு மணிக்கு மேல் குரல் கம்மிப்போய்க் காற்றுதான் வரும்.

"அப்புறம்?" என்பாள் எர்மீனியா, கதவைப் பார்த்துக்கொண்டே.

"அப்புறம் அந்தப் பசு வேலியத் தாண்டிப் போயிடுச்சும்மா" என்பாள் ஒடீலியா.